ஒரு கூரை, நான்கு அடுப்பு

புத்தளம் நகரிலிருந்து கொழும்பு வீதியில் சற்றுத் தெற்கே வந்தால் பாலாவிச் சந்தி. அங்கிருந்து மேற்கே திரும்பும் வீதி நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டி முனைவரை செல்கின்றது. அச்சந்தியிலுள்ள தேநீர்க் கடையொன்றில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த வேளையில் காதில் விழுந்த ஓர் உரையாடல் இது.

"தம்பி எந்த ஊர்?" என்றார் கடைக்காரர்.

"யாழ்ப்பாணம்."

"எப்ப வந்தது?"

"நான் பொறந்ததே இங்கதான், நானா. உம்மா வாப்பாதான் அங்க."

கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பதில் அவருக்குப் புதிதல்ல. புத்தளக் கரையில் இருபது, இருபத்தைந்து வயதுள்ள பல்லாயிரம் இளைஞர் யுவதிகள் இந்தப் பதிலையே சொல்லி வளர்ந்திருக்கின்றார்கள். தாம் ஒரு நாள்கூடக் குடியிருந்திராத ஊரைச் "சொந்த ஊர்" என்கின்றார்கள். பிறந்து, தவழ்ந்து, பள்ளி சென்ற இடத்தை "இருக்கிற இடம்" என்கின்றார்கள். அந்த இளைஞனின் கையில் ஏதோ ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. அதில் நிரந்தர முகவரிக்கு ஒரு கோடும் தற்காலிக முகவரிக்கு ஒரு கோடும் இருந்தன. எந்த முகவரியை எந்தக் கோட்டில் எழுதுவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

இக்கட்டுரை வீடற்ற இளைஞர்களைப் பற்றியது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண் முன் வருவது புகையிரத நிலைய மேடையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் பையனே. அப்படிப்பட்டவர்களைக் கொழும்புக் கோட்டையில் காணலாம். புத்தளக் கரையில் அவர்களைத் தேடிப் போனால் அநேகமாக ஏமாற்றந்தான். இங்கே எவரும் தெருவில் படுப்பதில்லை. யாராவது ஒருவருடைய திண்ணையிலோ, மீன் வாடியிலோ, பள்ளிவாசல் விறாந்தையிலோ, மச்சானின் கடைக்குள்ளேயோ பாயை விரிக்க ஓர் இடம் கிடைத்துவிடுகின்றது. இப்படி எவருடைய கண்ணிலும் படாமலே இவர்களுடைய வீடின்மை மறைந்துபோகின்றது.

வீடற்றவர் யார்?

வீடற்றோரைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியதில் இலங்கைக்கு ஒரு பங்குண்டு என்பதை இன்றைய இளையோர் அறிந்திருக்க நியாயமில்லை. 1980ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் அன்றைய பிரதமர் ரணசிங்க பிரேமதாச அவர்கள், வீடற்றோருக்கென ஒரு சர்வதேச ஆண்டு பிரகடனப்படுத்தப்பட வேண்டுமெனப் பிரேரித்தார். பொதுச் சபை அதை ஏற்று 1987ஆம் ஆண்டை "வீடற்றோருக்கு உறைவிடம் அளிக்கும் சர்வதேச ஆண்டு" என அறிவித்தது. நாட்டினுள்ளே 1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் ஆரம்பமாயிற்று. ஒக்டோபர் மாத முதல் திங்கட்கிழமை உலகக் குடியிருப்பு தினமாக 1986 தொடக்கம் அனுட்டிக்கப்பட்டு வருகின்றது.

1990ஆம் ஆண்டில் அந்தத் திங்கட்கிழமை ஒக்டோபர் முதலாந் திகதி வந்தது. அதே மாதம் முடிவதற்குள் வட மாகாணத்தின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வீடற்றவர்களானார்கள்.

இளையோரின் வீடின்மையைத் தனியானதொரு பிரச்சினையாகப் பார்க்கும் வழக்கம் இலண்டன் போன்ற மாநகரங்களில் முதலில் வலுப்பெற்றது. அங்கே சோஹோ பகுதியிலுள்ள புனித அன்னம்மாள் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், 1969 டிசம்பரில், கென் லீச் என்ற அங்கிலிக்கன் குருவானவர் வேலை தேடி நகருக்கு வந்து தெருவில் தவித்த இளைஞர்களுக்கென ஓர் இராத்தங்குமிடத்தைத் திறந்தார். சென்டர்பொயின்ட் என்ற அந்த அமைப்பு இன்றும் இயங்குகின்றது. எமது கரையிலும் ஓர் அன்னம்மாள் உண்டு. தலவிலத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகின்ற நாம் கூடாரம் அடித்து, கடற்கரை மணலில் சில இரவுகள் படுத்து, களைப்போடும் மகிழ்வோடும் வீடு திரும்புகின்றோம். அதே குடாநாட்டில், சில மைல் தூரத்தில், பதினைந்து இருபது ஆண்டுகளாகக் கூடாரத்திலும் கொட்டிலிலும் வாழ்ந்தவர்களைப் பஸ் யன்னலினூடாகப் பார்த்தபடி கடந்து போனவர்களும் நாமேதான். இதை எழுதுபவரும் அதில் அடக்கம்.

இரண்டு மணி நேரம்

நடந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய மாவட்டங்களில் தமது கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளை விட்டு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவழைத்து, இரண்டு மணி நேரத்தில் புறப்படச் சொன்னார்கள். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாவும் உடுத்த உடையுமே மிச்சம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் கரையிலே காத்துக் கிடந்து படகுகளில் ஏறினர். மழைக்காலக் கடலைத் தாண்டிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர்.

இதைச் செய்தவர்களும் தமிழ் பேசினார்கள், வெளியேறியவர்களும் தமிழ் பேசினார்கள். தமிழில் வெளிவரும் எந்தச் சஞ்சிகையும் இதைப் பிறர் கதையாக எழுத முடியாது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரினார். வெளியேற்றம் பற்றி ஆராய்வதற்கென அமைந்த குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளியாயிற்று. எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் காலமாகும்வரை இம்மக்களைப் பற்றி ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். இத்தனைக்குப் பின்னரும், 1990க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன என்ற கேள்வி அதிகம் கேட்கப்படவில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் பெயர் பதிவேட்டில் இருந்தது. வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பிறந்தவர்கள் எந்தப் பதிவேட்டில் வருவார்கள்?

மணலில் வளர்ந்த பிள்ளைகள்

வந்திறங்கிய முதல் மாதங்களில் புத்தளத்து மக்கள் செய்த உபகாரத்தை மறைப்பது பெரும் பாவம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. தென்னந்தோட்ட உரிமையாளர் பலர் தமது காணியில் கொட்டில் போட அனுமதித்தார்கள். உலை வைத்த சோற்றைப் பங்கிட்டார்கள். ஆனால் சில நாட்களுக்கென்று நினைத்தது பல ஆண்டுகளாயிற்று. ஆலங்குடா, தில்லையடி, கரம்பை, நுரைச்சோலை என்று வீதியோரமெங்கும் கிடுகு வேய்ந்த முகாம்கள் நிலைத்துவிட்டன. கிடுகு இரண்டு மழைக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு மாரியிலும் அதை மாற்றப் பணம் தேட வேண்டும். பங்கீட்டு அட்டைக்கு உலர் உணவு கிடைத்தது. ஐந்து பேரைக் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான பொருட்கள் என்ற கணக்கு, விலைவாசி பல மடங்கு ஏறிய பின்னரும் அசையாமல் நின்றது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளின் வகுப்பு காலையில் முடிந்த பின், அதே கட்டடத்தில் பிற்பகலில் இடம்பெயர்ந்தோருக்கான பாடசாலை நடந்தது. நண்பகல் வெயிலில் மணலில் நடந்து சென்று, இருட்டும் நேரத்தில் திரும்பி, குப்பி விளக்கில் வீட்டுப்பாடம் எழுதியவர்கள் இன்று நாற்பதை நெருங்குகின்றார்கள். அவர்களில் படித்து முன்னேறியவர்கள் உண்டு. ஆசிரியர்களாக, வைத்தியர்களாக, சட்டத்தரணிகளாக உயர்ந்தவர்களும் உண்டு. கடினமான நிலத்தில் விளைந்த பயிர் என்று அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் பெரும்பாலோர் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கருவாட்டு வாடிகளிலும் கூலிக்குப் போனார்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலம் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைகின்ற வளமான பூமி. கிணற்றிலிருந்து பம்பியால் நீர் இறைத்து ஆண்டு முழுவதும் பயிர் செய்யலாம். அப்படிப்பட்ட நிலம் சும்மா கிடப்பதில்லை. வந்தவர்கள் கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்று உள்ளூர்த் தொழிலாளர் முறையிட்டார்கள். களப்பில் வலை வீசுவோர் பெருகிவிட்டார்கள் என்று மீனவர் முறையிட்டார்கள். இரண்டு முறைப்பாட்டிலும் உண்மை இருந்தது. பழி மட்டும் சரியான இடத்துக்குப் போகவில்லை.

அந்தக் காலத்தில்தான் "அகதி" என்ற சொல் ஒரு சாதிப் பெயரைப் போல ஒட்டிக்கொண்டது. அகதிப் பள்ளிக்கூடம், அகதிக் கடை, அகதிப் பெண். சொந்த நாட்டுக்குள்ளே இடம்பெயர்ந்தவர்கள் சட்டப்படி அகதிகள் அல்லர் என்று கருத்தரங்குகளில் விளக்குவார்கள். வகுப்பறையில் சகமாணவன் அப்படிக் கூப்பிடும்போது சட்ட விளக்கம் உதவாது. மானிடவியலாளர் ஷாரிகா திராணகம தமது ஆய்வில் இந்த இளந்தலைமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றார். பெற்றோருக்கு ஊர் என்பது நினைவு. பிள்ளைகளுக்கோ அது கேட்ட கதை. கதையிலே யாருக்கும் குடியிருக்க முடியாது.

அடுப்புக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தவொரு தனிக் குடும்பத்தினதும் கதையல்ல. ஆனால் இக்கரையில் எந்தக் கிராமத்திலும் இதற்குப் பொருந்தும் வீட்டைக் காட்டலாம். 1990இல் கணவனும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் வந்திறங்கினார்கள். சில ஆண்டுகளில் சேமிப்பையும் கடனையும் சேர்த்துப் பத்துப் பேர்ச் காணி வாங்கினார்கள். பின்னர் உதவித் திட்டமொன்றில் ஒரு வீடு கிடைத்தது. பதிவேட்டின்படி இக்குடும்பத்தின் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது அந்தப் பிள்ளைகள் நால்வரும் மணமானவர்கள். பெண்ணுக்கு வீடு கொடுப்பது வடக்கில் தொன்றுதொட்டு வரும் வழமை. எனவே மகள்மார் இருவரும் கணவன்மாரோடு அங்கேயே இருக்கின்றார்கள். ஒரு மகன் மனைவியின் வீட்டில் இடமில்லாமல் திரும்பி வந்து, பின்புறம் தகரத்தால் ஒரு அறை இறக்கியிருக்கின்றான். மற்றவன் கட்டாரில். முற்றத்தில் நின்று பார்த்தால் ஒரு கூரைதான் தெரியும். குசினிப் பக்கம் போனால் நான்கு அடுப்பு. பேரப்பிள்ளைகளில் மூத்தவனுக்கு இருபத்தொரு வயது. அவன் எங்கே படுக்கின்றான் என்று கேட்டால் தாய் உடனே பதில் சொல்ல மாட்டாள்.

எமது அபிப்பிராயத்தில் இதுவே புத்தளக் கரையின் இளையோர் வீடின்மை. உத்தியோக மொழியில் "இயற்கைப் பெருக்கத்தால் உருவான உப குடும்பங்கள்" என்று இதற்கொரு பெயருண்டு. 1990இல் ஒரு குடும்பமாகப் பதிந்தது இன்று நான்கோ ஐந்தோ ஆகிவிட்டது. மீள்குடியேற்ற உதவிகளும் வீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் பழைய பதிவையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. ஒரு பதிவுக்கு ஒரு வீடு. பிறந்தது குற்றமா என்று கேட்கும் நிலையில் இளையோர் நிற்கின்றார்கள்.

இதன் விளைவு கல்யாணத்தில் தெரிகின்றது. கொடுப்பதற்கு வீடில்லாத வீட்டுப் பெண்ணுக்கு வயது ஏறுகின்றது. அவளுக்கு வீடு கட்டித்தர வேண்டுமென்று தம்பி பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வளைகுடாவுக்கோ கொழும்பு புடவைக் கடைக்கோ போகின்றான். அவன் கட்டிய வீட்டில் அக்கா குடியேறுவாள். அவன் திரும்பி வரும்போது முப்பது வயதாகியிருக்கும், அவனுக்கென்று இடமிருக்காது. தாயே வெளிநாட்டுக்குப் போன வீடுகளும் உண்டு. அங்கே பிள்ளைகள் உம்மும்மாவிடமோ சாச்சியிடமோ வளர்கின்றார்கள். பன்னிரண்டு வயதில் வாடியில் வலை தட்டப் போன பையனை, "படிக்க மனமில்லாதவன்" என்று சொல்வது எளிது. அவனுக்குப் பாடப் புத்தகத்தை விரித்து வைக்க ஒரு மூலை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

வீடு வந்தது

ஒன்றுமே செய்யப்படவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். 2007இல் உலக வங்கியின் 3 கோடி 20 இலட்சம் டொலர் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. கொட்டில்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கல்வீட்டுக்கு மாறின. பணம் கட்டம் கட்டமாக வழங்கப்பட, வீட்டுக்காரரே நின்று கட்டுவித்தார்கள். அயலிலுள்ள உள்ளூர் ஏழைக் குடும்பங்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டமை புத்திசாலித்தனமான ஏற்பாடு. முன்பு சொன்ன மனக்கசப்பு அதனால் ஓரளவு தணிந்தது. இன்று ஆலங்குடாப் பக்கம் போகின்றவர்கள் பழைய முகாமைத் தேடினால் காணமாட்டார்கள். மதிலும் மாமரமும் உள்ள வீடுகளையே காண்பார்கள்.

ஆயினும் வீட்டுக்கு உதவி பெறுவதற்குக் காணியின் உரிமையைக் காட்ட வேண்டியிருந்தது. காணி வாங்க முடியாமற்போன மிக ஏழைகள் பின்தங்கினார்கள். திட்டம் தொடங்கிய போது பத்து வயதாயிருந்தவர்கள் இன்று முப்பதை நெருங்குகின்றார்கள். அவர்களுக்கென்று இரண்டாவது திட்டம் வரவில்லை. சுயமாகக் கட்ட முனைந்தவர்களை 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி முறித்துப் போட்டது. 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவை எட்டியது. பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு, அத்திவாரத்தோடு நின்றுபோன வீட்டுக்குள் புல் முளைப்பதையும் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் பலர்.

திரும்பிப் போவதென்றால்

"யுத்தம் முடிந்துவிட்டதே, இவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?" என்று எமது வாசகர்களிலும் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2009 மே மாதத்துக்குப் பின் கணிசமானோர் போனார்கள். போனவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் வந்தார்கள். இன்னொரு பகுதியினர் இரண்டு இடத்திலும் காலூன்றி நிற்கின்றார்கள். தகப்பன் மன்னாரில் தோட்டம் செய்வார், பிள்ளைகள் புத்தளத்தில் படிப்பார்கள்.

திரும்பிப் போவதற்கு வீடு வேண்டும். வீட்டு உதவி வேண்டுமானால் அங்கே குடியிருக்க வேண்டும் என்றார்கள். குடியிருக்க வீடில்லை. இந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து களைத்தவர்கள் ஏராளம்.

மன்னாரின் தெற்கே முசலிப் பிரதேசத்தில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்கள் இருக்கின்றன. இருபது ஆண்டுகள் ஆளில்லாமற் போன கிராமத்தில் காடு வளர்வது இயற்கை. மக்கள் போய்ப் பற்றைகளை வெட்டத் தொடங்கினார்கள். 2012 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி அறிவித்தலில் அப்பகுதிக் காணிகள் ஒதுக்கப்பட்ட காடாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2017 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவில் இருந்தபோது கையொப்பமிட்ட வர்த்தமானியினால் ஏறத்தாழ 40,000 ஹெக்டயர் பரப்பு மாவில்லு பேணற் காடாயிற்று. வில்பத்துச் சரணாலயத்தை முஸ்லிம்கள் அழிக்கின்றார்கள் என்ற பிரசாரம் நாடெங்கும் கிளம்பியது. கல்லாறு ஒதுக்குக் காட்டில் மரங்கள் அகற்றப்பட்டது சட்டவிரோதமென்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீனின் செலவில் மீண்டும் மரம் நடப்பட வேண்டுமென உத்தரவிட்டது.

காடு காக்கப்பட வேண்டும். அதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. புதிதாக வெட்டப்பட்ட காடும் பழைய கிராமத்தின் மேல் வளர்ந்த காடும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிணற்றுக் கட்டும் பள்ளிவாசல் சுவரும் நிற்கின்ற இடத்தில் காட்டின் வயதைக் கணிப்பது கடினமல்ல.

அதே மறிச்சுக்கட்டிக்கு அயலூர் முள்ளிக்குளம். அது தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம். 2007 செப்டெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே கடற்படை முகாம் எழுந்தது. தமது ஆலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தபடி மலங்காட்டிலும் காயாக்குளியிலும் கொட்டில் போட்டு இருந்தார்கள். போராட்டத்தின் பின் 2017 ஏப்ரலில் காணியின் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் ஏற்பட்டது. ஒரே வீதியில் அடுத்தடுத்த இரண்டு ஊர்கள். ஒன்றை ஆயுதக் குழு கலைத்தது, மற்றதை அரச படை கலைத்தது. இரண்டிலும் இளையோர் காணியின் எல்லையைத் தாத்தாமார் விரல் நீட்டிக் காட்டத்தான் அறிந்துகொண்டார்கள்.

வாக்குரிமையும் இப்படியே இரண்டாகக் கிழிந்தது. புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னாரில் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் தேர்தல்தோறும் பஸ் பிடித்துப் போய் வாக்களித்தார்கள். 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று அதிகாலை, அப்படிச் சென்ற பஸ் வரிசையைத் தந்திரிமலையில் வழிமறித்துத் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். அன்று அந்த பஸ்களில் முதல் தடவை வாக்களிக்கப் போன பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

பாட்டனாரின் உறுதி

காணி உறுதியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் அளப்பார்கள், புத்தளத்தில் பேர்ச்சில் அளப்பார்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். சோனகத் தெருவில் பாட்டனாருக்கு இரண்டு பரப்புக் காணி இருந்ததென்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஐந்து பிள்ளைகள், பிள்ளைக்கு மூன்றாகப் பதினைந்து பேரப்பிள்ளைகள். பங்கு முறைகளை விட்டுச் சமமாகப் பிரித்தாலும் ஆளுக்கு ஒன்றரைப் பேர்ச்சுக்குக் குறைவு. எனவே "உனக்குத்தான் ஊரில் காணி இருக்கின்றதே" என்று ஓர் இளைஞனைப் பார்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் காணியை விற்றுப் பங்கிட்டுவிடுகின்றார்கள். விற்ற பணம் புத்தளத்தில் ஒரு அறை கட்டவும் காணாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டனுபவித்தவர் அதற்கு உரிமை கோர எமது ஆட்சியுரிமைச் சட்டம் இடமளிக்கின்றது. துரத்தப்பட்டவர் எப்படித் தடுத்திருப்பார்? இதை உணர்ந்து 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் யுத்த காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டுமென்று எல்லை வைத்தது. நல்ல சட்டம், குறுகிய தவணை. உறுதி யாரிடம் இருக்கின்றது என்று குடும்பங்கள் தேடிக்கொண்டிருந்த வேளையிலேயே தவணை முடிந்துவிட்டது.

கரையிலுள்ள மற்றவர்கள்

வீடற்ற இளையோர் இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரை கரையோரமாக வாழும் மீனவக் குடும்பங்களின் நிலையும் இதற்கு அண்மித்ததே. தமிழ், சிங்களம் என்ற பேதமின்றி, கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற பேதமுமின்றி, பலர் உறுதியில்லாத கடலோரக் காணியில் தலைமுறைகளாக இருக்கின்றார்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம். அதற்குள் அனுமதியின்றிக் கட்டுவதற்கில்லை. ஒருபுறம் கடல் கரையைத் தின்கின்றது. மறுபுறம் உல்லாசப் பயணத் திட்டங்கள் நெருங்குகின்றன. கற்பிட்டித் தீவுகளைச் சுற்றுலாவுக்காக ஒதுக்கும் திட்டம் வெளியானபோது உச்சமுனை மக்கள் எழுப்பிய குரலைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். தகப்பனின் வாடியில் பிறந்த மகன், கல்யாணம் முடித்து இன்னொரு வாடி போடப் போனால், அந்த மணலுக்கு இப்போது வேறு சொந்தக்காரர் இருக்கின்றார்.

எண்ணத் தொடங்குவோம்

மக்கள் கவனத்தைத் திருப்ப வேண்டுமென்று பேசும்போது ஊர்வலமும் பதாகையும் நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால் ஒரு பிரதேச செயலாளரின் மேசையில் பதாகையை வைக்க முடியாது. எண்ணிக்கையை வைக்கலாம். 2024இல் குடிசன வீட்டுவசதித் தொகைமதிப்பு நடந்தது. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று அதிலிருந்து தெரியவரும். அங்கே வேறு வீடு கிடைத்தால் நாளைக்கே புறப்படக்கூடிய குடும்பம் எத்தனை என்பதை நாமே எண்ண வேண்டும்.

எமது இளைஞர் மன்றங்கள், மாதர் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கோயில் சபைகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கிராம சேவகர் பிரிவை எடுத்துக்கொண்டால் இரண்டு ஞாயிறுகளில் வேலை முடியும். ஒரு பயிற்சிக் கொப்பி போதும். கூரை எத்தனை, அடுப்பு எத்தனை, பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர் எத்தனை பேர், அவர்கள் இரவில் எங்கே படுக்கின்றார்கள், காணியின் கடதாசி யாருடைய பெயரில் இருக்கின்றது. பெயர் எழுத வேண்டியதில்லை. வீட்டுக்குள் போகும்போது ஒரு பெண்ணும் கூடப் போனால் நல்லது. படுக்கும் இடத்தைப் பற்றிய கேள்விக்கு ஆண்கள் சரியான பதில் சொல்வதில்லை. யார் உள்ளூரவர், யார் வந்தவர் என்று தனித்தனிக் கொப்பி வைக்க வேண்டாம். அந்தப் பிரிப்பு இக்கரைக்குச் செய்த கேடு போதும்.

உப குடும்பமாகப் பதிவதற்குக் கிராம சேவகரிடம் கேட்டுப் பார்க்கும்படி இளம் தம்பதிகளுக்குச் சொல்லலாம். கேட்காதவர் பட்டியலில் இல்லை என்பது கந்தோர்களில் நாம் கண்ட நடைமுறை. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் உள்ள குடும்பங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் காணி மூத்த மகனுக்கே என்றிருந்த பழைய ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. மகள்மாருக்கும் இப்போது சம இடமுண்டு. இதை அறியாமல் வீட்டுக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கின்றார்கள்.

பாலாவிச் சந்தியில் அன்று பஸ் வர வெகுநேரமாயிற்று. கடைக்காரர் அந்த இளைஞனிடம் பேனாவைக் கொடுத்திருந்தார். அவன் நிரந்தர முகவரிக் கோட்டில் யாழ்ப்பாணத்துத் தெருவின் பெயரை எழுதினான். வீட்டு இலக்கம் நினைவுக்கு வரவில்லை. தொலைபேசியை எடுத்து உம்மாவிடம் கேட்டான்.